ஒத்திகையில் வராத வடை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் என் நைனா சப்ளையர். "மூணாம் டேபிளுக்கு ரெண்டு பூரி, ஒரு நெய் ரோஸ்ட்டு முறுவலா, கடைசி டேபிளுக்கு சாம்பார் வடை!" என்று அவர் கூவினால் சாப்பிட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் மறுபடி பசியெடுக்கும். எட்டு டேபிள் ஆர்டரை ஒரே மூச்சில் சொல்வார், ஒன்றும் பிசகாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் மகள் என்று பள்ளிக்கூடத்தில் நான் நடந்த நடை, கலெக்டர் மகள்கூட நடந்திருக்க மாட்டாள்.

நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில் முதலாளியின் மகன் ஓட்டலுக்கு ஏ.சி. போட்டார். கோட்டை பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்திச் சாப்பிட வேண்டுமாம். சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவரை வரவழைத்து சப்ளையர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி நடந்தது. முதல் பாடமே கூவக்கூடாது என்பதுதான். ஆர்டரைச் சீட்டில் எழுதி சமையல்கட்டு ஜன்னலில் நீட்ட வேண்டும். எழுத வராதவர்கள் மனசில் வைத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொல்லலாம். நைனாவுக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. தேறாதவர்கள் பின்கட்டில் தட்டு கழுவப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் வீட்டில் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கூவினால்தான் ஆர்டர் தனக்கு நினைவில் நிற்கும் என்பது நைனாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. மத்தியானங்களில் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊரான சிங்கவரத்துக்கு வந்துவிடுவார். வீட்டில் ஒத்திகை. நான் வாடிக்கையாளர், அடுப்படியில் அம்மா மாஸ்டர். "இன்னா சாப்டுறீங்க மேடம்?" என்று குனிந்து கேட்பார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்குவேன். அம்மாவிடம் போய் முணுமுணுப்பதற்குள் ஏதாவது ஒன்று கழன்றுவிடும்.

"தப்பா வந்தா என் மூஞ்சிய பாக்காத, பட்டுனு சொல்லிடு. நீ சொன்னாதான் எனக்குப் பதியும்," என்றார்.

சொன்னேன். விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நைனா என்னை மேடம் என்று கூப்பிட்ட அந்த வாரத்தைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

கடைசி நாள் பரீட்சை. சப்ளையர்களின் குடும்பங்களே டேபிள்களில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நைனாவுக்கு எங்களுடையதையும் சேர்த்து மூன்று டேபிள். வெள்ளைச் சட்டைமேல் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டு அவருக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. நான் பொடி தோசையும் மெதுவடையும் ரோஸ் மில்க்கும் கேட்டேன். உதடுகள் அசைய அசைய ஜன்னலுக்குப் போனார். தோசை வந்தது. ரோஸ் மில்க் வந்தது. வடை வரவில்லை.

டைக்காரர் எங்களிடம் வந்து, "கேட்டதெல்லாம் வந்துச்சாம்மா?" என்றார். அம்மா டேபிளுக்கு அடியில் என் தொடையை அழுத்தினாள். பயப்படாமல் சொல் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"வடை வரல சார். கேட்டு ரொம்ப நேரம் ஆவுது."

"வெரி குட்," என்று என் தலையைத் தட்டிவிட்டுக் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சொல்லித் தந்தபடி செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமிதம்.

சாயங்காலம் கோட்டு இல்லாமல் வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். அதைத் தட்டில் பிரித்துவைத்து, "மேடம், நீங்க கேட்ட வடை," என்றார்.

"லேட்டு," என்றேன் விரலை ஆட்டி.

"சாரி மேடம். இனிமே ஆவாது."

அம்மா எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். நைனா துண்டை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். மறுநாள் முதல் பின்கட்டில் தட்டு கழுவினார். சாகும்வரை பதினோரு வருஷம் கழுவினார். அந்தக் குரலை அதற்கப்புறம் நான் கேட்கவேயில்லை.

"வேற எதுனா வேணுமா மேடம்?" என்று அன்றைக்குக் கேட்டார். தான் பரிமாறும் கடைசி ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. "ஒண்ணும் வேணாம்," என்று தட்டைத் தள்ளிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.