டிரம்முக்கு வயசு பார்த்தது

என் மனைவி பிறந்த வீட்டுப் பெருமை முழுவதும் ஒரு சைடு டிரம்முக்குள் இருந்தது. பேண்டு செட்டில் கழுத்தில் வார் போட்டு மாட்டி, இரண்டு குச்சியால் அடிப்பார்களே, அடித்தோலில் கம்பிகள் உரசிக் கரகரவென்று அதிருமே, அதுதான். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அது தொங்கியது. மாமனாரின் தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கொடுத்தாராம். தாத்தா அதைப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டாராம். அதற்காகச் சித்திரைத் திருநாளில் முதல் பரிவட்டம், அதாவது சாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டும் முதல் மரியாதை, அந்தக் குடும்பத்துக்கு.

கலெக்டர் எதற்காக டிரம்மைக் கொடுத்தார் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"கப்பல்ல இடம் இல்லாம இருந்திருக்கும்" என்றாள் மனைவி. அவள் தன் அப்பாவிடம் அப்படிச் சொல்லமாட்டாள். வயல் எல்லாம் கைமாறிய பிறகு, அவர் தலைக்கு மிஞ்சியிருந்தது வருஷத்துக்கு ஒரு நாள் ஏறும் அந்தப் பட்டு ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அதற்கும் வந்தது வினை. அந்த ஊரில் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் உண்டு. அவர் மகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய காசில் கோயில் முன்மண்டபத்துக்குக் கிரானைட் போட்டார்கள். கல் பதித்த அன்றிலிருந்து போஸ்ட் மாஸ்டருக்குத் தலை அரித்தது.

திருவிழாக் கூட்டத்தில் எழுந்தார். "அது வெள்ளைக்காரன் காலத்து டிரம்மே இல்ல வே. பழசுன்னா பரிவட்டத்தைக் கட்டிக்கிடும். இல்லன்னா இந்த வருஷம் எனக்கு."

மாமா ஒத்துக்கொண்டார். சந்தேகம் இல்லாத மனிதருக்கு ஒத்துக்கொள்வது சுலபம்.

அதன்பிறகு ஊரில் எல்லோரும் டிரம் நிபுணர் ஆனார்கள். ஒருவர் மோந்து பார்த்து, இது லண்டன் மரம் என்றார். லண்டனில் மரம் உண்டா என்று அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. மாமா வைத்திருந்த சான்று சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை டிரம்மின் நெற்றியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார்கள். பிரசாதம் ஆகிவிட்டதைச் சுரண்டினால் பாவம் என்று, பழசின் மேலேயே புதுசை அப்புவார்கள். அது காய்ந்து தேன்கூடு மாதிரி நின்றது.

"நகத்தால கீறினா நகம்தான் போகுது. இந்தக் கனம் நேத்து வந்ததா?" என்றார் மாமா.

கடைசியில் திருநாள் அன்று என்னைக் கூப்பிட்டார்கள். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் பேட்டையில் முலாம் பூசும் பட்டறையில் வேலை. புறப்படும்போது மனைவி சொன்னாள்: "அங்கன போயி அரிச்சந்திரன் வேசம் கட்டாதீங்க."

திருநீறு இட்டுக்கொண்டு பார்த்தேன். தோல் வளையத்தை இறுக்கும் திருகுக் கம்பிகளில் குரோமியம் நீலம் அடித்தது. அந்தக் காலத்து முலாம் நிக்கல். அது மஞ்சள் சாய்ந்து மங்கும். ஆனாலும் கம்பி மாற்றுவார்கள், தோல் மாற்றுவார்கள். அதை வைத்து வயசு சொல்லக் கூடாது. செய்தவன் டிரம்மின் கூட்டில் அடித்த பேர்த் தகடு பேசவேண்டும். அந்தத் தகடு சந்தனத்துக்குள் இருந்தது. பிள்ளையார் முன்னால் நின்றுகொண்டு வேறு என்ன சொல்வது? அதையே சொன்னேன்.

சுரண்டுவது பாவமாயிற்றே என்று எல்லோரும் கோயில் பட்டரைப் பார்த்தார்கள்.

"சுரண்டினாத்தான் பாவம். அபிஷேகம் பண்ணினா புண்ணியம்" என்றார் பட்டர்.

அப்படியாக ஒரு டிரம்முக்கு அபிஷேகம் நடந்தது. பால், தயிர், கடைசியில் குடம் குடமாக ஆற்றுத் தண்ணீர். சந்தனம் பைய இளகி, கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே பித்தளைத் தகடு. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். கம்பெனி பேர், மீரட் ஊர் பேர், அதன் பக்கத்தில் ஆறு எண்கள்.

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தத்தை நான் சாமி கும்பிடும்போதுகூடப் பார்த்ததில்லை.

"பின்கோடு வே. இது எழுபத்திரண்டுலதான் வந்துச்சு. எழுதுங்க எழுதுங்கன்னு சர்வீஸ் பூரா கத்தினேன், இந்த ஊர்ல ஒருத்தன் எழுதல. எழுதினது இந்த டிரம்மு ஒண்ணுதான்."

மாமா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எங்க அப்பா ஒருக்கா ரிப்பேர் பாக்கணும்னு இதை மதுரைக்குக் கொண்டு போனாவ, மாப்பிள்ளை. திரும்பி வந்தப்போ பளபளன்னு இருந்துச்சு. நல்லா ரிப்பேர் பாத்திருக்கான்னு நினைச்சேன்."

நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று பிள்ளையாரைத்தான் கேட்டேன்.

போஸ்ட் மாஸ்டர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு பட்டர் முன்னால் போய் நின்றார். பட்டர் அவரைத் தாண்டி டிரம்மிடம் போனார். அபிஷேகம் ஆனதை ஈரத்தோடு வெறுமனே விடலாகாது, வஸ்திரம் சாத்தவேண்டும். தட்டில் வேறு துணி இல்லை. பரிவட்டப் பட்டை எடுத்து டிரம்மைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கற்பூரம் காட்டினார்.

"முதல் மரியாதை ஆயாச்சு" என்றார்.

"அப்போ நான்?"

"ரெண்டாவது கட்டிக்கிடுங்களேன்."

"மீரட் டிரம்முக்குப் பின்னாலயா?"

"அதுக்குத்தான் அபிஷேகம் ஆயிருக்கு. உங்களுக்கு ஆகலையே."

கூட்டம் சிரித்தது. போஸ்ட் மாஸ்டர் தாம் போட்ட கிரானைட் மேல் ஏறி நின்றுகொண்டார்.

புறப்பாட்டில் மாமா டிரம்மைத் தாமே கழுத்தில் மாட்டிக்கொண்டார். பட்டு நெஞ்சில் இருந்தது, தலையில் இல்லை. தோல் ஊறிப்போய், அடித்தால் ஈரத்துணியைத் துவைக்கிற சத்தம் வந்தது. அவர் விடாமல் அடித்தார். மேலத்தெருவில் பெண்கள் வழக்கம்போலக் கும்பிட்டார்கள். டிரம்மையா அவரையா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆதியும் அந்தமும் இல்லாதவர் முன்னால் எழுபத்திரண்டு என்ன, கலெக்டர் காலம் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் போஸ்ட் மாஸ்டரிடம் அதைச் சொல்லவில்லை. மனைவி சொன்னதைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டு நடந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். மாமா முதல் உருண்டைச் சந்தனத்தை எடுத்து, நேராக அந்த ஆறு எண்களின் மேல் அப்பினார். போஸ்ட் மாஸ்டர் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரசாதத்தை யார் சுரண்டுவார்? நான் குங்குமம் வைத்தேன்.