குப்பியில் மிஞ்சிய மருந்து

தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுடையது. முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், "நாலு மணி நேரம் படுக்காதீங்க, முகத்தைத் தேய்க்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஒரு சாயங்காலம் டாக்டரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நெத்தியில இவ்வளவு கோட்டோட நீ உட்கார்ந்திருந்தா நம்ம ஊசியை யாரு நம்புவா? குப்பியில கொஞ்சம் மிச்சமிருக்கு, நாளைக்கு வீண்தான். வா, போட்டுடறேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் சிலர். இவளுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

பத்தே நாளில் நெற்றி வழவழவென்று ஆயிற்று. புருவம் ஏறவில்லை, கண்ணோரம் சுருங்கவில்லை. வேறு வீடாக இருந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? அவள் கணவர் தையல்காரர், பிறவியிலேயே காது கேளாதவர். இருபது வருடமாக அந்த வீட்டில் கையும் முகமும்தான் பேச்சு. கை பொய் சொல்லும், முகம் சொல்லாது என்பது அவர் கட்சி. அவள் முகத்திலோ எல்லாமே எழுதி ஒட்டியிருக்கும்.

அந்தச் சமயம் பார்த்தா அவர் கழுத்துக் கட்டியின் பரிசோதனை முடிவு வர வேண்டும்! வெறும் கொழுப்புக் கட்டி. மூச்சிரைக்க ஓடிவந்து கைகளால் சொன்னாள்: "ஒண்ணுமில்ல! பயப்படவே வேண்டாம்!"

அவர் மிஷினை நிறுத்திவிட்டு அவள் நெற்றியைப் பார்த்தார். வாய் சிரித்தது. அதற்கு மேலே ஒன்றுமே நடக்கவில்லை.

காகிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவருடைய அப்பாவுக்கும் கழுத்தில்தான் கட்டி வந்தது. ஒன்றுமில்லை என்று வீட்டார் வேறொரு பொய்க் காகிதம் தயார் செய்தார்கள். அதை அப்பாவிடம் கொடுத்தவரே இவர்தான்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி டாக்டரிடமே கூட்டிப் போனாள். அவரும் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார். வெளியே வந்ததும் கணவர் கையால் கேட்டார்: "அவர்கிட்டயும் சொல்லி வச்சிட்டியா?"

அவள் நேரே தன் டாக்டரம்மாவிடம் ஓடினாள். "எப்படியாவது இதை எடுத்துடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. தானாத்தான் போகணும். மூணு நாலு மாசம் ஆகும்."

வீட்டுக்கு வந்தால், அவர் தைக்க வந்த துணிகளையெல்லாம் மடித்து, திருப்பிக் கொடுப்பதற்காகச் சீட்டு குத்திக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மா போட்ட ஊசியால்தான் முகம் இப்படி என்று கையால் சொல்லிச் சொல்லி அழுதாள். அசையாத முகத்தில் கண்ணீர் மட்டும் வழிந்தது. அவர் எழுந்து வந்து துடைத்துவிட்டார்.

"எங்கிட்ட மறைக்கத்தானே அந்த ஊசியே போட்டுக்கிட்டே? பாவம், நீ தனியா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பே."

"இல்லை, இல்லை" என்று அவள் இரண்டு கைகளையும் பதறப் பதற ஆட்டினாள். அழாதே என்கிற மாதிரி தலையசைத்து, அந்தக் கைகள் இரண்டையும் அவர் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.