பளபளவென்று ஒரு பேருந்து

இன்று கணபதி பகுதியில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போனேன். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும், பேனா அளவே இருக்கும் என் சாண்டிங் மெஷின் சுற்றவில்லை. எதற்குப் பயன்படுகிறது என்று காட்ட, மரத்தில் நான் செய்துவரும் ஒரு முழ நீளப் பேருந்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

கடைக்காரர் மெஷினைச் சரிசெய்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. ஓட்டிப் பாத்து வெக்கறனுங்க."

திரும்பி வந்தபோது பேருந்து பளபளத்தது.

"தொட்டுப் பாருங்க! சைடுல பென்சில் கிறுக்கல் வேற இருந்துச்சுங்க. அதையும் சுத்தமா எடுத்துப்போட்டேன்."

அந்தக் கிறுக்கல் என் மனைவியுடையது. ஒரு ஜன்னலை வரைந்து, அதற்குள் 'இது என் சீட்டு' என்று எழுதியிருந்தாள். அவள் இறந்த பிறகு இந்த இரண்டு வருடத்தில் மற்ற எல்லா ஜன்னல்களையும் வெட்டிவிட்டேன். அதை மட்டும் வெட்டவில்லை.

"ஏனுங்க, நல்லா வரலீங்களா?"

"ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை 'ங்க' போட்டுப் பேசுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது?

மெஷின் இப்போது அருமையாக ஓடுகிறது.

தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவரும் உப்புத்தாள் எந்த நம்பரில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.