ஓட்டை விழுந்த கல்யாணப் படம்

மேவிஸ் பாஸ்க் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அவளுடைய கல்யாணப் படம். சட்டையில் பூ குத்திக்கொண்டு கென் நிற்பான். பக்கத்தில் வெள்ளை கவுனில் மேவிஸ். கழுத்துக்கு மேலே முகம் இருக்காது, ஓட்டைதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்க்காத மாதிரி டீயைக் குடிப்பார்கள். இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடி ஊரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

மீன் ஆலையில் முப்பத்தோரு வருஷம் அவளும் நானும் எதிரெதிரே நின்று காட் மீனுக்கு முள் எடுத்தோம். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மேவிஸ் தங்கமானவள், ஆனால் ரோஷம் வந்துவிட்டால் கல்.

ஓட்டை போட்டது அவளுடைய நாத்தனார் ஆட்ரி, கென்னின் தங்கை. லண்டனில் ஓவியம் படித்தவள். சோப்புத்தூள் டப்பா, நடிகை படம், பிஸ்கட் உறை என்று நாம் குப்பையில் போடுவதை வெட்டி ஒட்டி, அதன்மேல் பளிச்சென்று வர்ணம் பூசி, ஓவியம் என்பாள். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அதே ஓவியங்கள் பள்ளிப் புத்தகத்தில் வந்தபோது, எனக்கு அவளைத் தெரியும் என்று வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டேன்.

1962 கிறிஸ்துமஸுக்கு ஆட்ரி ஊருக்கு வந்தாள். மற்றவர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில், நகம் வெட்டும் கத்தரியால் படத்திலிருந்து மேவிஸின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள்.

"கோச்சுக்காதே மேவிஸ், இப்படி ஒரு சிரிப்பு எந்தப் பத்திரிகையிலயும் கெடைக்கல. வேற பிரின்ட் போட்டு அனுப்பறேன், சத்தியமா."

"அனுப்பலேன்னா உன் முகத்தை வெட்டி அதுல ஒட்டுவேன்" என்று மேவிஸும் சிரித்தாள்.

அடுத்த கோடையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அந்த ஓவியம் வந்தது. பெயர் 'திங்கட்கிழமை'. எங்கள் ஊரில் அன்றுதான் துணி துவைக்கிற நாள். பெரிய சோப்புத்தூள் டப்பாவுக்குள்ளிருந்து நீச்சலுடைக்காரி ஒருத்தி எழுந்து நிற்கிறாள். உடம்பு யாருடையதோ, முகம் மட்டும் மேவிஸ்.

ஆலையில் விடுவார்களா? "என்னடி மேவிஸ், இந்தக் குளிர்ல இப்படியா நிப்பே? மேல ஒரு ஏப்ரனாவது போட்டுக்கக் கூடாது?" அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் டீ ஊற்றிக் கொடுப்பது அவள் வேலை. அந்த வாரம் போதகர் அவளைத் தாண்டிப் போய் வேறொருத்தியிடம் கோப்பையை நீட்டினார். மேவிஸ் கெட்டிலைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அங்கே டீ ஊற்றவே இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆட்ரியிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. மேவிஸ் பிரிக்கவில்லை. சிவப்பு மையால் 'அனுப்பியவருக்கே' என்று எழுதி என்னிடம் கொடுத்தாள். வேலைக்குப் போகிற வழியில் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் நான்தான் போட்டேன்.

"வேற படம் அனுப்பறேன்னு சத்தியம் பண்ணா. அனுப்பினாளா?" என்பாள் வருஷா வருஷம். கென் புகைப்படக் கடையில் போய்க் கேட்டுப் பார்த்தான். கடைக்காரர் செத்துப்போய், பழைய நெகட்டிவ்கள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. 84-இல் கென் இறந்தபோது, அடக்கம் முடிந்து வந்து அந்த ஓட்டைப் படத்துக்குக் கீழே நின்றுதான் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டோம். ஆட்ரியும் வந்திருந்தாள். "டீ?" என்றாள் மேவிஸ். "சர்க்கரை வேண்டாம்" என்றாள் ஆட்ரி. இருபது வருஷத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

மேவிஸ் வேறு வீட்டுக்குக் குடிமாறிப் பல வருஷம் கழித்து ஆட்ரியும் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து அவளுடைய எல்லா ஓவியங்களையும் லண்டனில் ஒரு கூடத்தில் மாட்டினார்கள். என்னோடு பஸ்ஸில் வா என்றேன். மேவிஸ் வந்தாள், ஓட்டைப் படத்தைச் சாமான் பையில் போட்டுக்கொண்டு.

'திங்கட்கிழமை' முன்னால் வெகுநேரம் நின்றாள். பக்கத்தில் ஒரு சிறு அட்டை. 'முகம்: யாரென்று தெரியாத விளம்பரப் பெண்.'

"யாரோ ஒருத்தியா நான்?" கூடமே திரும்பிப் பார்த்தது. "நாப்பது வருஷமா இந்த மூஞ்சியால ஊரெல்லாம் கேலி. இப்ப நான் யாருமே இல்லையாம்!"

ஓடி வந்த பொறுப்பாளர் சின்னப் பெண். மேவிஸ் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் ஓட்டையின் ஓரத்தை ஒரு தாளில் வரைந்து ஓவியத்து முகத்தின் அருகே பிடித்தாள். நெற்றியோரத்தில் கத்தரி வழுக்கிய இடம்கூடப் பொருந்தியது.

"உங்க பேர் என்னங்க?"

"மேவிஸ் பாஸ்க்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஆட்ரி அம்மா சாமான்ல உங்க பேர்ல ஒரு பெட்டி இருக்கும்மா. பழைய விலாசத்துக்கு எழுதினோம், பதிலே வரல. உங்க தபாலை நாங்க பிரிக்கக் கூடாது."

மேல்மாடி அறையில் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்பு மை. என் கையாலேயே தபாலில் போட்ட உறைகள். மேவிஸ் அடியில் இருந்த தடித்த உறையை, முதலில் வந்ததை, பிரித்தாள்.

உள்ளே கல்யாணப் படம். முழுசாக. கென்னின் தோளில் சாய்ந்து அந்தச் சிரிப்போடு மேவிஸ். பின்பக்கம் ஆட்ரியின் கையெழுத்து: 'சத்தியம் பண்ணினேனே.'

மேவிஸ் அழுது நான் பார்த்ததில்லை, கென்னின் அடக்கத்தில்கூட. அன்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஐரிஸ், அவர் இதைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சாரேடி. கடைசி வரைக்கும் பாக்கவே இல்லையே. வந்ததைத் திருப்பி அனுப்பினது நான்தானே."

தபாலில் போட்டவள் நான்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அட்டையை மாத்திடறோம்மா. உங்களை என்னன்னு எழுதட்டும்? மாடல்னு போடலாமா?"

மேவிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாடலும் இல்ல, மண்ணும் இல்ல. அவளோட அண்ணின்னு போடு."