தேவராஜ் மாமா வெடிக்க வைக்காத இன்ஜின்

தேவராஜ் மாமா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்ற செய்தி குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குத் தொலைபேசியில் வந்தது. எடுத்தது நான்தான். அன்று மாலை சுடுகாட்டில் இன்னொன்றையும் கேட்டேன்.

"நல்ல மனுஷன். என்னா, என் இன்ஜினைத்தான் வெடிக்க வெச்சிட்டாரு," என்றார் எங்களிடம் கார் விட்டுவந்த பாஸ்கர் சார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவை இன்னும் பாடையிலிருந்துகூட இறக்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தியதும் ஒர்க்‌ஷாப்பில் போன் எடுக்க, அக்கா மகள் என்று என்னை உட்கார வைத்தார். அடக்கமானவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். பாலிடெக்னிக்கில் படித்ததை அடிக்கடி நினைவுபடுத்துவார். வெள்ளைச் சட்டையோடுதான் வண்டிக்கு அடியில் போவார். அத்தை திட்டிக்கொண்டே துவைப்பார்.

பாஸ்கர் சாரின் ஜப்பான் கார் டர்போ வைத்தது. அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு மின்னணுப் பெட்டி வாங்கி வந்தார். டர்போ இன்ஜினுக்குள் எவ்வளவு காற்றை அழுத்தலாம் என்று அதில் குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். அழுத்தம் அந்த அளவைத் தொட்டதும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியே காற்று போய், மிச்சத்தை வெளியேற்றும் கதவைத் திறக்கும். குழாய் அடைபட்டால் கதவு திறக்காது. இன்ஜின் தாங்காது.

பெட்டியைப் பொருத்திய பிறகு, முடிச்சூர் சாலையில் வைத்துத்தான் மாமா அதைச் சரிபார்த்தார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் அழுத்தமானியைப் பார்க்க, வண்டிக்காரர் பின் சீட்டில். அதுதான் மாமாவின் வழக்கம்.

"முள்ளு எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லு. உனக்கும் பேசுன மாதிரி இருக்கும்," என்று என்னைக் கிண்டல் செய்தார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நிறுத்தி, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க தேவராஜ். ராக்கெட் மாதிரி போணும்," என்றார் பாஸ்கர் சார்.

"ராக்கெட்டு போனா திரும்பி வராது சார். இங்க பெட்ரோல்ல மண்ணெண்ணெயக் கலந்து ஊத்திகினு கீறானுங்க. இதுக்கு மேல வெச்சா பிஸ்டன் பொத்தலாயிடும்."

அதற்கு மேல் அவர் குமிழைத் தொடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டியே ஆக வேண்டும் என்று பாஸ்கர் சாரின் அம்மா சொன்னார். முன்பக்கம் தொங்கினால் ரேஸ் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று சார் பானெட்டுக்குள்ளே கட்டினார். அவற்றைக் கோத்த கம்பியை இறுக்கிச் சுற்றியது அந்த ரப்பர் குழாயில். மறுநாள் வண்டலூர் தாண்டியதும் இன்ஜின் வெடித்தது.

வண்டியை அவர் வீட்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள். மாமா பானெட்டைத் திறந்தார். குழாயைக் கம்பி நெரித்திருந்தது. பாஸ்கர் சாரைக் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். நானும் பார்த்தேன். அப்போது அந்த அம்மா வெளியே வந்தார்.

"நான் கட்டச் சொன்னதாலயாப்பா இப்டி ஆச்சு?"

மாமா எலுமிச்சையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இல்லம்மா. பெட்டிய நான் வெச்சதுல கோளாறு. இது இருந்ததாலதான் உங்க புள்ள முழுசா வந்தாரு."

பாஸ்கர் சார் எங்களோடு வாசல்வரை வந்து, "ரேஸ் பசங்க கிட்ட நான் உண்மையைச் சொல்லிடறேன்," என்றார். சொல்லவில்லை. வேக வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். போன வருடம் அந்த அம்மாவும் காலமானார். இனி யார் மனம் நோகும்? அப்போதும் அவர் சொல்லவில்லை. "அவரே சொல்லுவாரு, வுடு," என்று மாமா காத்திருந்தார். காத்திருந்தே போய்விட்டார்.

கருமாதிக்கும் பாஸ்கர் சார் வந்தார். அத்தை ஒர்க்‌ஷாப்பைத் தொடர்ந்து நடத்தப் போவதாகச் சொன்னதும், "அந்தப் பேரை வெச்சுகிட்டா? கஷ்டம்," என்றார். அவர் இலையில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கம்பியை எதுல கட்டுனீங்கன்னு சொல்லுங்க சார்," என்றேன்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"சுடுகாட்டுல சொன்னீங்களே. அதே மாதிரி சத்தமா சொல்லுங்க."

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் இலையைப் பார்த்தபடி, "குழாய்லதான். நான்தான் கட்டினேன்," என்றார்.

சுடுகாட்டில் சிரித்தவர்களில் பாதிப் பேர்கூட அந்தப் பந்தியில் இல்லை. இல்லாதவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

மாமாவை அத்தை வெள்ளைச் சட்டை போட்டுத்தான் அனுப்பினார். அதில் ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லாமல் அவரை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். போய் வாருங்கள், மாமா. நாளை ஷட்டரைத் திறக்கிறோம். பலகையில் உங்கள் பெயர்தான்.