தோமாயியும் கண் தேடும் கேமராவும்

கிரீஸில் எங்கள் ஊரான வெரியாவில் ஞானஸ்நானத்துக்குப் படமெடுக்க வேண்டுமென்றால் தோமாயியைத்தான் கூப்பிடுவார்கள். கோடையில் பீச் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை. மற்ற மாதங்களில் கழுத்தில் கேமரா. ஆள் ஒல்லி, குரல் பெரிது. குழந்தைக்கு எண்ணெய் தடவுவதை, தொட்டியில் முக்கும்போது அது வீறிடுவதை, துண்டை யார் பிடிப்பது என்று பாட்டிகள் இருவரும் முறைத்துக்கொள்வதை அவள் எடுத்தால் படம் அப்படியே உயிரோடு இருக்கும். ஒரே ஒரு படம் மட்டும் அவளுக்கு வராது. அது பேர்ப்படம்.

எங்களிடம் ஞானஸ்நானம் ஆகும்வரை குழந்தைக்குப் பேர் கிடையாது. நடக்கப் பழகியிருந்தாலும் வெறும் ‘பேபி’தான். ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ தொட்டிப் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லும்போதுதான் கோயிலே அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்கும். யாருடைய அப்பா பேரை வைப்பது, யாருடைய அம்மா பேரை வைப்பது என்று வீட்டுக்குள் நடந்த சண்டையெல்லாம் அந்த நொடியில் தீர்ந்துபோகும். படமெடுக்க ஆளை வைப்பதே அந்த நொடிக்காகத்தான். தோமாயி எடுத்த ஆல்பம் எதை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள், அந்த ஒரு படம் மட்டும் மங்கலாக இருக்கும். ஊரில் அதற்கு ‘தோமாயி மூட்டம்’ என்றே பேர்.

நான் லாம்ப்ரோஸ். வாரநாளில் குழாயும் வாஷரும் விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசைப் பாட்டுக்காரன். தோமாயிக்கும் வாயோஸுக்கும் கல்யாணம் நடந்தபோது அவர்கள் தலையில் மணமுடி மாற்றிவைத்த தோழன் நான். அப்படி வைத்தவனை ‘கும்பாரே’ என்று கூப்பிடுவோம். கூடப்பிறந்தவனைவிட அவனுக்கு உரிமை அதிகம். அந்த உரிமையில்தான் அவள் கேமரா விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தேன்.

வசந்த காலத்தில் அவளுடைய பழைய கேமரா உயிரை விட்டது. மருந்துக்கடை பொலிக்சேனி அம்மாவின் பேத்திக்கு ஜூனில் ஞானஸ்நானம் குறித்திருந்த நேரம். அந்த அம்மாவின் மூத்த பேரனுக்கும் பேர்ப்படம் மூட்டமாகத்தான் போயிருந்தது. அதை மறக்கிற பெண்மணி அல்ல அவர். என் கடைக்கு முன்னாலேயே தோமாயியை நிறுத்திச் சொன்னார்:

“இதான்மா கடைசி. இந்தத் தடவையும் பேர்ப்படம் போச்சுன்னா இனிமே நம்ம கோயிலுக்கே வேற ஆள்தான். ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“போகாதும்மா. புதுக் கேமரா வாங்கப்போறேன்,” என்றாள் தோமாயி.

“கேமரா மாத்தினா சரி,” என்று சொல்லிவிட்டு அவர் மாத்திரைப் பையோடு நடந்தார்.

ஞானஸ்நானம் போனால் தோமாயிக்கு மிச்சம் ஆலை மட்டும்தான். அதனால் நானும் அவளும் பஸ் ஏறி தெசலோனிக்கி நகரத்துக்குப் போனோம். அவளிடம் எண்ணூறு யூரோ இருந்தது. அந்தப் பணத்துக்கு இரண்டு மிரர்லெஸ் கேமராக்களைக் கடைக்காரர் மெனெலாஸ் மேசையில் வைத்தார். ஒன்று பழசு, இன்னொருவர் கை பட்டது. வந்த காலத்தில் ராஜா, மூன்று மடங்கு விலை. உள்ளே சென்சார் பெரிது. இருட்டில் நன்றாக எடுக்கும். ஆனால் எந்த இடம் தெளிவாக விழ வேண்டுமென்று நாம்தான் திரையில் தெரியும் சின்னக் கட்டத்தை நகர்த்தி வைக்க வேண்டும். மற்றது புதுசு, விலை குறைந்த மாடல். சென்சார் சின்னது, இருட்டில் படம் புள்ளிபுள்ளியாக வரும். ஆனால் ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. எங்கள் கோயில் முழுக்கப் பழங்காலச் சுவரோவியம். ஃப்ளாஷ் போடக் கூடாது. மெழுகுவத்தி வெளிச்சம்தான் கதி.

“பழச எடு. இருட்டுக்கு அதான் சரியான மாப்பிள்ள. கண்ணத் தேடுற வேலைக்கு எதுக்குக் காசு? உனக்குக் கண்ணு இல்லையா?” என்றேன்.

“அண்ணன் சொல்றது நியாயந்தான். நானா இருந்தா நானும் பழசத்தான் எடுப்பேன். பேட்டரி மட்டும் ரெண்டு கூட வச்சுக்கணும்,” என்றார் மெனெலாஸ். ஒரு வியாபாரியே எனக்குக் கட்சி சேர்ந்த அதிசயத்தை அன்றுதான் பார்த்தேன்.

தோமாயி பழசைக் கையில் எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். புதுசை எடுத்தாள். லென்ஸை என் பக்கம் திருப்பி, மடக்கித் திருப்புகிற திரையையும் எனக்குக் காட்டினாள். என் கண்மேல் சின்னப் பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது. நான் தலையை ஆட்டினேன்; கட்டமும் ஆடியது.

“நான் பாக்கலன்னாலும் இது பாக்குமா?” என்று கேட்டாள்.

மெனெலாஸ் சிரித்தார். “நீங்க தூங்கினாலும் பாக்கும்மா. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. சரிப்படலன்னா கொண்டாங்க, பழசத் தரேன்.”

அவள் பணத்தை எடுத்து வைத்தாள். ஊர் வந்து சேரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பீச் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு வார்த்தையைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஃபாதர் யாகோவோஸிடம் சாவி வாங்கிக் கோயிலைத் திறந்தோம். குழந்தைக்குப் பதிலாக என்னைத் தொட்டி ஓரத்தில் நிறுத்தினாள். திரையை நானும் பார்க்கும்படி மடக்கிக் கேமராவைத் தூக்கினாள். கட்டம் என் முகத்துக்கு வரவேயில்லை. என் தலைக்கு மேலே சுவரில் இருந்த புனித திமித்ரியோஸின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. அவரிடமிருந்து பக்கத்துப் புனிதருக்குத் தாவியது. அங்கிருந்து பெரிய தேவதூதருக்கு. அந்தக் காலத்துச் சித்திரக்காரர்கள் மூக்கையும் வாயையும் ஒப்புக்குப் போட்டுவிட்டுக் கண்ணை மட்டும் முட்டையளவுக்குத் தீட்டிவைத்திருக்கிறார்கள். இத்தனை கண் இருக்கும்போது ஒரு குழாய்க்கடைக்காரனின் கண் எதற்கு அதற்கு? யாரோ எப்போதோ கண்ணைச் சுரண்டிவிட்டுப் போன ஒரு புனிதர் வாசல் பக்கம் நிற்கிறார். அவரை மட்டும் கேமரா சட்டை செய்யவில்லை.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். “புனிதருங்க எல்லாருக்கும் ஆல்பம் போட்டுக் குடு. பொலிக்சேனி அம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க.”

தோமாயி சிரிக்கவில்லை. இங்கே நின்று பார்த்தாள், அங்கே மண்டியிட்டுப் பார்த்தாள். கட்டம் சுவரை விட்டு இறங்குவதாக இல்லை.

“நாளைக்கே போய் மாத்திட்டு வந்துரலாம்,” என்றேன். “பழசுல நீயே கட்டத்தப் புள்ள மூஞ்சில வைக்கலாம். புனிதருங்க தொல்லையும் இல்ல, புள்ளியும் இல்ல. நான் சொன்னா எப்ப கேட்டிருக்க நீ? இத்தன வருஷமா அந்த ஓட்டக் கேமராவக் கட்டிக்கிட்டு அழுத. நல்லது கைக்கு வரப்போ வேணாங்குற.”

“அந்தக் கேமராவ ஏதும் சொல்லாத, கும்பாரே. அது ஒழுங்காத்தான் இருந்துச்சு.”

“அப்ப மூட்டம் எங்கேருந்து வந்துச்சு? மெழுகுவத்திப் புகையா?”

அவள் தொட்டியின் விளிம்பில் கை வைத்து நின்றாள். அப்புறம் அந்தப் பெரிய குரலைச் சின்னதாக்கிக்கொண்டு சொன்னாள்.

“என் கண்ணுலேருந்து. பேர் சொல்ற நேரத்துல எனக்குக் கண்ணு நெறஞ்சுரும். ஒவ்வொரு தடவையும். எவ்வளவோ அடக்கிப் பாத்துட்டேன். பல்லக் கடிச்சுப் பாத்தேன், கைய கிள்ளிப் பாத்தேன். குளமாயிரும். புள்ள தெரியாது, கட்டம் தெரியாது. குத்துமதிப்பா அமுக்குவேன். பழசுன்னா நான் பாத்தாதான் அது பாக்கும். என்னால அந்த நேரத்துல பாக்க முடியாது, லாம்ப்ரோஸ்.”

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் தோமாயிக்கும் வாயோஸுக்கும் ஒரு பையன் பிறந்தான். ஒன்றரை மாதம் இருந்தான். தொட்டிலில் தூங்கியவன் ஒருநாள் காலையில் எழவில்லை. ஞானஸ்நானம் ஆகவில்லை, அதனால் பேரும் இல்லை. பேபியாக வந்து பேபியாகவே போய்விட்டான். அப்புறம் அவர்களுக்குப் பிறக்கவில்லை. ஊரே அறிந்த கதைதான்; யாரும் பேச்செடுப்பதில்லை. நாங்களெல்லாம் மூட்டத்தையும் பார்த்தோம், அந்தத் துக்கத்தையும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வேலையை ஏன் இவள் விட்டுத் தொலைக்கவில்லை என்று அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. கேட்டேவிட்டேன்.

“மத்தவங்க புள்ளைக்காவது பேர் வைக்கிறத நான் பக்கத்துல நின்னு பாக்கணும்,” என்றாள். “அத விட்டா நான் வேற எங்க போக?”

அதற்குமேல் பழைய கேமராவைப் பற்றி நான் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. திரையில் குழந்தையின் முகத்தை முதலிலேயே விரலால் தொட்டுவிட்டால், கட்டம் அந்த முகத்தோடு ஒட்டிக்கொண்டு அது போகிற இடமெல்லாம் போகும் என்று தோமாயி கண்டுபிடித்தாள். வாயோஸ் லாரி ஓட்டுபவன், கரடி மாதிரி உருவம். அவன் ஒரு முலாம்பழத்தில் பேனாவால் கண்ணும் மூக்கும் வாயும் வரைந்து, துண்டில் சுற்றி, தாலாட்டிக்கொண்டே கூடத்தில் நடந்தான். பின்சுவரில் வீட்டிலிருந்த புனிதர் படங்களையெல்லாம் மாட்டியிருந்தார்கள். கட்டம் பழத்தை விடவில்லை.

“முலாம்பழத்துக்கு அப்பன மாதிரியே மூக்குடா,” என்றேன்.

“வாய மூடிக்கிட்டு நீயும் ஒரு ரவுண்டு தூக்கிட்டு நட. எனக்குக் கை வலிக்குது,” என்றான். நடந்தேன்.

ஒரு வாரக் கெடு முடிந்தது. கேமரா எங்கள் ஊரிலேயே நின்றது.

ஞானஸ்நான நாளில் நான் பாடும் இடத்தில் நின்றிருந்தேன். தொட்டி அங்கிருந்து நேராகத் தெரியும். பொலிக்சேனி அம்மா முன்னால் விறைப்பாக நின்றார். ஒரு கண் குழந்தைமேல், ஒரு கண் தோமாயிமேல். கோயிலில் கூட்டம், சுவரில் அதைவிடக் கூட்டம். ஞானத்தாய் குழந்தையை ஏந்தியதும் தோமாயி திரையை விரலால் ஒரு முறை தொட்டாள். எனக்கு வாயில் பாட்டு, மனசில் அந்தப் பச்சைக் கட்டம். சுவருக்குப் போயிராதே என்று திமித்ரியோஸையே வேண்டிக்கொண்டேன். அவர் கண்தானே பிரச்சினை.

ஃபாதர் பேரைக் கேட்டார். ஞானத்தாய் உரக்கச் சொன்னாள்: “பொலிக்சேனி!”

யாரும் எதிர்பார்க்கவில்லை, மருந்துக்கடை அம்மா சுத்தமாக எதிர்பார்க்கவில்லை. மருமகள் தன் அம்மா பேரைத்தான் வைப்பாள் என்று ஊர் முழுக்கப் புலம்பி வைத்திருந்தார் அவர். வாயைப் பொத்திக்கொண்டார். நான் தோமாயியைப் பார்த்தேன். அவள் கேமராவை முகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகம் திறந்திருந்தது, கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடிக்கவில்லை, எதையும் அடக்கவில்லை. விரல் மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது. நான் பாட வேண்டிய அடியை விட்டுவிட்டேன். ஃபாதர் என் பக்கம் திரும்பி இருமினார்.

விருந்துக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு கோயில் முற்றத்தில் வைத்துப் படத்தைக் காட்டினாள். குழந்தையின் இரண்டு கண்ணும், ஒவ்வொரு இமைமுடியும் தெளிவாக விழுந்திருந்தன. பின்னால் வாயைப் பொத்திய பாட்டி கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தார். உப்புத் தூவினாற்போல் படமெல்லாம் புள்ளி. பழசாக இருந்தால் இந்தப் புள்ளி இருந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்வேன். பொலிக்சேனி அம்மா புள்ளியைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டு, தோமாயியின் கன்னத்தை ஈரத்தோடு தடவிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நாங்கள் படியில் உட்கார்ந்தோம். தோமாயி சர்க்கரை பூசிய பாதாம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

“இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் நான் முழுசா அழுதேன்,” என்றாள். “படம் போயிருமோன்னு பயமில்லாம.”

“நல்லா அழுத. என் பாட்டே நின்னு போச்சு.”

இன்னொரு பாதாமை என்னிடம் நீட்டி, “அவனுக்கு என்ன பேர்னு நீ கேட்டதே இல்லையே,” என்றாள்.

“கேக்க என்ன இருக்கு? வாயோஸோட அப்பா பேர். ஸ்டெரியோஸ். ஊருக்கே தெரியும்.”

அவள் தலையாட்டி மறுத்தாள். “அது அவங்க வைக்க இருந்த பேரு. நான் பாலு குடுக்கும்போது வேற பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வாயோஸுக்கும் தெரியாது. ஒரெஸ்டிஸ்.”

வாய்விட்டு அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன். “ஒரெஸ்டிஸ்.”

தோமாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோயில்ல சொல்ற மாதிரி, சத்தமா சொல்லு, கும்பாரே.”

எழுந்து நின்று, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.