மூன்று மணி வெயிலில் நள்ளிரவு

இருட்டுக்கு எங்கே போவது? பாளையங்கோட்டை மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்த சாரம்மாளுக்கு 1912 ஆனி மாதம் முழுக்க இதே கவலை.

அவள் தமிழாக்கியிருந்த ஆங்கில நாடகம் அப்படி. விருந்துக்கு வந்த ராஜாவை இருட்டில் கொல்கிறார்கள். மறுநாள் பொழுதே விடிவதில்லை. கொல்லத் தூண்டிய ராணி கடைசியில் இருட்டுக்குப் பயந்து, விளக்கும் கையுமாகத் தூக்கத்திலேயே நடக்கிறாள். விடுதிப் பிள்ளைகளோ ஆறு மணிக்கு ஜெபத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே நாடகம் மூன்று மணிக்கு, முற்றத்தில், மண்டையைப் பிளக்கும் வெயிலில்!

நாடகம் நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம் என்று தலைமையாசிரியை துரைசானியம்மா சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இளம் விதவையான சாரம்மாளுக்குக் களக்காட்டு அண்ணன் வீட்டு அடுப்படிதான் கதி. அண்ணன் இஸ்ரவேல், எதற்கும் இருக்கட்டும் என்று நாடகத்தன்று மாட்டுவண்டியோடேயே வந்துவிட்டார்.

கிராமத்துச் சபைகளில் ஜெபம் நடத்தும் உபதேசியார்களில் கறுப்புக் குடை இல்லாதவர் உண்டா? சாரம்மாள் ஊர் ஊராக ஆளனுப்பி நாற்பது குடைகளை இரவல் வாங்கி, இருட்டுக்காக மேடைக்கு மேலே வரிசையாகக் கட்டிவிட்டாள்.

"ராசாவக் கொல்லுதாகளா, மழைக்கு ஒதுங்குதாகளா?" என்று முன்வரிசையிலிருந்த சமையல்கார ஆறுமுகத்தாய் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. போதாக்குறைக்கு ஆனிக் காற்று அடித்துக் குடைகளையெல்லாம் பிய்த்துப் போட்டது. மேடையில் பளீரென்று வெயில். சாரம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ராணி வேடமிட்ட தேவமணி, ஏற்றாத சிமினி விளக்கோடு உள்ளே வரக் காத்திருந்தாள். பகலில் விளக்கெரிப்பதைப் பாவமாக எண்ணும் சிக்கனம் அந்தப் பள்ளியில். ஒத்திகையில் அதை ஏற்றக் கூடாதென்று தடுத்ததே சாரம்மாள்தான். இனி என்ன வந்துவிடப் போகிறது என்று இப்போது அவளே தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றிவிட்டாள்.

வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் காற்றில் அது அணைந்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, காலால் தரையைத் துழாவித் துழாவி வந்தாள் தேவமணி. சிரிப்பு நின்றது. ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பைய போ தாயி, இருட்டுல தட்டி விழுந்திராத!"

அதே ஆறுமுகத்தாய்தான் பதறிக் கத்தினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் இஸ்ரவேல் தயங்கித் தயங்கி வந்தார். "ஏ பிள்ள, பெட்டிய வண்டில ஏத்திரட்டா?"

"பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார் துரைசானியம்மா. பிறகு முப்பது வருஷம் அந்தப் பெட்டி அங்கேதான் இருந்தது.

வண்டியும் வெறுமனே போகவில்லை. கம்பி வளைந்த நாற்பது குடைகளோடு கிளம்பிற்று. வழிநெடுக உபதேசியார்களிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை அண்ணனுக்கு.